மதியத் தூக்கம்

ஜூன் 3, திங்கள்

கதவில் பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது. 'பா. வளர்மதி, டைரக்டர்.' மாட்ட வந்த ஆள் கோணலாக மாட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் நானே நாற்காலி போட்டு ஏறி நேராக்கினேன். புதுப் பதவியில் நான் பார்த்த முதல் வேலை அதுதான்.

இந்தச் சரவணம்பட்டி டே-கேர் சென்டரில் நான் மிஸ்ஸாகச் சேர்ந்தபோது வாசலில் தார் ரோடு கூடக் கிடையாது. இப்போது சுற்றிலும் ஐ.டி. கம்பெனி, வங்கி, அடுக்குமாடி. ஆயா வராத நாளில் டயப்பர் மாற்றியிருக்கிறேன், சோறு ஊட்டியிருக்கிறேன், வாந்தி துடைத்திருக்கிறேன். தபால் வழியில் டிப்ளமா முடித்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் இங்கிலீஷ் சரளமாக வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக என்னைத் தாண்டிப் போனார்கள். இந்த முறை நான் விடவில்லை. வீட்டில் அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது என்பதால் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஓனர் மேனகா மேடம் இரண்டே விஷயம் சொன்னார். ஒன்று, காய்ச்சலோடு ஒரு குழந்தையும் உள்ளே வரக் கூடாது. போன வருஷம் ஒரு குழந்தையிடமிருந்து எல்லோருக்கும் தொற்றி, சென்டரையே சில நாள் மூடவேண்டியதாகி, பழைய டைரக்டருக்கு வேலையே போனது. இரண்டு, மதியம் தூங்கும் அறை அமைதியாக இருக்க வேண்டும். அந்த அறையில் கேமரா இருக்கிறது. பெற்றோர் ஆபீஸில் சாப்பிட்டுக்கொண்டே போனில் பார்ப்பார்கள். குழந்தை தூங்கினால் நிம்மதியாக வேலைக்குத் திரும்புவார்கள். அழுதால் மேடத்துக்கு போன் போடுவார்கள். இது இரண்டும் சரியாக நடந்தால் தீபாவளிக்குள் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து என்னையே டைரக்டராகப் போடுவதாகச் சொன்னார். காளப்பட்டியில் புதிதாக ஒரு கிளையும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பதவி எனக்கு வேண்டும். என் டைரிதானே, வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எனக்கு வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

நெற்றிக்கு நேரே பிடித்தால் காய்ச்சல் காட்டும் கன் வாங்கிவிட்டேன். காலையில் கேட்டில் நானே நிற்கிறேன். சிவப்பு எரிந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான், யாராக இருந்தாலும். இன்று ஒரு பெண் குழந்தையைத் திருப்பி அனுப்பினேன். அவளுடைய அப்பா, இப்போது மீட்டிங், இவளை நான் சட்டைப் பையிலா போட்டுக்கொண்டு போவது என்று ரோடு முழுக்கக் கேட்கக் கத்தினார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். வழி மட்டும் விடவில்லை. மேடம் கேட் கேமராவில் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

கூட்டம் குறைந்ததும் கோகிலவாணி தயங்கித் தயங்கி வந்தாள். ஒரு தனியார் வங்கியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், இன்னும் நிரந்தரமாகவில்லை, லீவு என்ற பேச்சே கூடாதாம். கணவர் பெங்களூரில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். மகன் தர்ஷித்துக்கு இரண்டரை வயது, மூக்கு ஒழுகாத நாளே கிடையாது. லேசாகச் சூடு இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். ரூல் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். ஒருத்திக்கு விட்டால் ஊருக்கே விட வேண்டும்.

ஜூன் 12, புதன்

மதியம்தான் பெரும் பாடு. இந்தப் பக்கம் ஒன்றைத் தட்டித் தூங்க வைத்தால் அந்தப் பக்கம் இரண்டு எழுந்து உட்கார்கின்றன. இதில் தர்ஷித் ஒரு தனி ரகம். தான் தூங்குவதில்லை. பக்கத்தில் படுத்திருப்பவர் நிஜமாகவே தூங்கிவிட்டாரா என்று இமையை விரலால் தூக்கிப் பார்ப்பான். தூக்கிப் பார்த்த பிறகு எந்தக் குழந்தை தூங்கும்? இன்று என் இமையையும் தூக்கிப் பார்த்தான். "வளர் மித்து முழிச்சிருக்கு" என்று அறைக்கே அறிவித்தான். மிஸ் என்பது அவன் வாயில் மித்து. எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஆபீஸிலிருந்து மூன்று அம்மாக்கள் போன். மேடம் போன். என் சாப்பாடு டிபன் பாக்ஸிலேயே காய்ந்தது.

ராசாமணியக்கா திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். எங்கள் பழைய ஆயா, மகள் பிரசவத்துக்காகத் தாராபுரம் போயிருந்தார். அவர் கை பட்டால் குழந்தைகள் தூங்கிவிடும் என்று எல்லா மிஸ்களும் சொல்கிறார்கள். வரட்டும்.

ஜூன் 19, புதன்

அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான். வரிசையாகத் தலைகள், வரிசையாகக் குட்டிப் பாதங்கள். தர்ஷித் கூட வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறான். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ராசாமணியக்காவிடம் என்ன மாயம் என்று கேட்டேன். "பால் குடுத்துத் தட்டிக் குடுத்தா அதுங்களே தூங்கிடுமுங்க மிஸ், நீங்க போய்ச் சாப்புடுங்க" என்றார். இந்த மாதத்தில் முதல் தடவையாகச் சூடு ஆறாமல் சாப்பிட்டேன்.

தூங்கும் அறை அலமாரியில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் மூடிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். கேமராவில் பார்க்க அசிங்கமாகத் தெரியும், பால் ஆற்றும் பேன்ட்ரியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பேன்ட்ரியில் கேமரா கிடையாது.

ஜூன் 28, வெள்ளி

காலையில் அக்கா மெடிக்கல் ஷாப் வரை போய் வரக் கேட்டார். சரி என்றேன். அவருக்கு முட்டி வலி உண்டு.

ஜூலை 9, செவ்வாய்

சாரலும் காற்றுமாக இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று காதுக்குள் புகுந்து விசிலடிக்கிறது. ஊரெல்லாம் இருமல். ஆனால் என் கேட்டில் ஒரு குழந்தைக்குக் கூடச் சிவப்பு எரிவதில்லை. மேடம் மற்றக் கிளை மிஸ்களிடம் என்னை உதாரணம் காட்டுகிறாராம். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது, இன்று காலை வரை.

இன்று கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டேன். மதில் ஓரமாக, வேப்பமரத்தடியில் கோகிலவாணியின் ஸ்கூட்டர் நின்றது. தர்ஷித்தை முன்னால் உட்காரவைத்து, கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அவன் முகத்தைச் சுளித்தான். துப்பட்டாவால் வாயைத் துடைத்தாள். பிறகு கிளம்பாமல் அங்கேயே நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் அவன் நெற்றியைத் தொடுவதுமாக நின்றாள். வெகுநேரம் கழித்துத்தான் கேட்டுக்கு வந்தாள். கன் பச்சை காட்டியது. "குட் மார்னிங் மிஸ்" என்றாள். அவன் சட்டையில் இனிப்பும் கசப்புமாகச் சளி மருந்து வாசம்.

அவளுக்குப் பின்னால் நின்ற இன்னும் இரண்டு பிள்ளைகளிடமும் அதே வாசம்.

நான் என்ன செய்ய முடியும்? காய்ச்சலைப் பார்க்கத்தான் கன் இருக்கிறது. வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று பார்க்க இல்லை. அது அவரவர் வீட்டு விஷயம்.

ஜூலை 18, வியாழன்

காப்பிக்குச் சர்க்கரை எடுக்க பேன்ட்ரிக்குப் போனேன். ராசாமணியக்கா மூடிகளை வரிசையாக வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எதையும் மறைக்கப் பார்க்கவில்லை. ஊற்றுவதை நிறுத்திவிட்டு நின்றார், அவ்வளவுதான்.

"சளி மருந்துதானுங்க மிஸ். துளியூண்டு. குடிச்சா கண்ணு சொக்கும், ரெண்டு மணி நேரம் நல்லாத் தூங்குமுங்க. எம்பட பேத்திக்கும் இதேதான் குடுக்கறது."

எனக்குக் கோபம் வந்தது. எதற்கு இதை என் கண்ணில் படும்படி செய்கிறார் என்று கோபம். இந்த மாதிரி விஷயமெல்லாம் எனக்குத் தெரியவே வேண்டாம் என்றேன். இனிமேல் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது, நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. என் கோபத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார். பழைய ஆள், சூட்டிகை.

மதியம் அறை வழக்கம்போல அமைதியாக இருந்தது.

ஜூலை 30, செவ்வாய்

நான்கு மணிக்கு எழுந்த பிறகு சில குழந்தைகளுக்கு உடம்பு கொதிக்கிறது. காலையில் பச்சை, சாயங்காலம் நெருப்பு. தர்ஷித் எழுந்த பிறகும் வெகுநேரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பந்தைக் கையில் கொடுத்தேன், உருண்டு போனது, எடுக்கப் போகவில்லை. கூட்டிப்போக வந்த கோகிலவாணியிடம் பையன் சோர்வாக இருக்கிறான், டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். "நாளைக்குக் காட்டிடறேன் மிஸ்" என்றாள். காலையில் என்ன கொடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. இங்கே ஏதாவது கொடுத்தீர்களா என்று அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பையனுக்கு டாட்டா காட்டினோம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மேடம் கூப்பிட்டார். புதுக் கிளைக்குப் பணம் போடப் போகிறவர்கள், கணவனும் மனைவியும், செவ்வாய்க்கிழமை சென்டரைப் பார்க்க வருகிறார்கள். சரியாக மதியத் தூக்க நேரத்தில்தான் வர வேண்டும் என்று மேடமே ஏற்பாடு செய்திருக்கிறார். "நம்ம சென்டர்ல பார்க்க வேண்டியதே அதுதான் வளர்மதி" என்றார். அவர்கள் திருப்தியாகப் போனால் அன்று சாயங்காலமே என் ஆர்டரில் கையெழுத்துப் போடுவாராம்.

தலைக்கு மேல் வேலை. திரைச்சீலை துவைக்க வேண்டும், மெத்தை உறை மாற்ற வேண்டும், சுவரில் யானையின் தும்பிக்கை பெயர்ந்து கிடக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

யானைக்குத் தும்பிக்கை வந்துவிட்டது. மெத்தை உறை எல்லாம் வெள்ளை. தர்ஷித் இன்று முழுக்க இருமினான். தூக்கத்தில் இரண்டு தடவை எழுந்து அழுதான். நாளை இப்படி அழுதால் என்ன ஆகும் என்று நினைத்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

கிளம்பும்போது ராசாமணியக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன். "நாளைக்கு மட்டும் ஒரு சத்தம் வரக் கூடாதுக்கா. தர்ஷித்தைக் கொஞ்சம் நல்லாப் பாத்துக்கோங்க" என்றேன். கவலைப்படாமல் போகச் சொன்னார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வந்தவர்களுக்கு ரொம்பத் திருப்தி. அதற்குப் பிறகு ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போய் ஆஸ்பத்திரி. இப்போதுதான் வந்தேன். எழுதத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன்.

வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கும் அறை வாசலில் நின்றார்கள். ஒரு குழந்தை கூட அசையவில்லை. அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று, அதைத் தூங்க வைக்க நாங்கள் படாத பாடு படுகிறோம், நீங்கள் எப்படி என்று கிசுகிசுத்தார். எல்லாம் பழக்கம்தான் என்று மேடம் என்னைக் கை காட்டினார். நான் கை கூப்பினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் குழந்தைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. தர்ஷித் எழவில்லை. அசந்து தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன். ராசாமணியக்கா மெத்தை மடிக்க அவனைத் தூக்கினார், கழுத்து துவண்டு விழுந்தது. உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் எப்போதோ ஒரு தடவை வந்தது. நான் வாரி எடுத்துக்கொண்டு ஓடினேன். செருப்புக் கூடப் போடவில்லை. ஆட்டோவில் போகும்போது அவன் இமையை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். கருவிழி மேலே செருகிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். கோகிலவாணி வங்கி அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஓடி வந்தாள். சின்ன வயது லேடி டாக்டர் வெளியே வந்து, குழந்தைக்கு இன்று என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். கோகிலவாணி என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் காய்ச்சல் மருந்தும் சளி மருந்தும் கொடுத்ததாகச் சொன்னாள். எவ்வளவு என்றதற்கு, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுதான் என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சென்டர்ல ஏதாவது குடுத்தீங்களா?"

"எங்க சென்டர்ல மருந்தே குடுக்கறதில்லைங்க டாக்டர். அது ரூல்."

"அம்மா சொல்ற அளவுக்கு இந்த மயக்கம் வராது. யாராவது மறுபடி குடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. யார் மேலயும் பழி போடறதுக்காகக் கேக்கல. எதை எவ்வளவுன்னு தெரிஞ்சா எனக்கு வைத்தியம் பாக்க உதவும்."

அதே பதிலைத்தான் சொன்னேன். நான் என் கையால் எதுவும் கொடுக்கவில்லை. அக்கா அன்று எவ்வளவு ஊற்றினார் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வது? டாக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடியது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மேடம் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாம் எதுவும் கொடுக்கவில்லையே? இல்லை என்றேன். "நல்லது" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றினோம். குழந்தைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய். தர்ஷித் இன்னும் மெஷினில்தான் மூச்சு விடுகிறான்.

ஆஸ்பத்திரி வாசலில் ராசாமணியக்கா. காலையிலிருந்து அங்கேயே நிற்கிறாராம். கண் வீங்கிப் போயிருந்தது. "நான் போய் அந்த டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்புடறனுங்க மிஸ். முந்தாநாளு அவனுக்கு மட்டும் ரெண்டு மூடி ஊத்திட்டனுங்க. இருமிட்டே இருந்தான், எந்திரிச்சிருவானோன்னு பயந்துட்டு ஊத்திட்டனுங்க" என்றார்.

அவரைப் பிடித்து டீக்கடைப் பக்கம் அழைத்துப் போனேன். சொன்னால் போலீஸ் அவரைத்தான் கூட்டிப் போகும், மகளின் மாமியார் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று யோசிக்கச் சொன்னேன். சொல்லவேண்டிய நேரம் தாண்டிவிட்டது, இனிமேல் சொல்லி எந்தப் பிரயோஜனமும் இல்லை என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நீங்க சொன்னா சரிங்க மிஸ்" என்றார். தாராபுரம் பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலையில் தர்ஷித் போய்விட்டான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

போலீஸ் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். அன்றைய கேமராப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். குழந்தைகள் பால் குடித்துவிட்டு வருகின்றன, படுக்கின்றன, தூங்குகின்றன. அவ்வளவுதான் அதில் இருக்கிறது. நாற்பது வயதிருக்கும் அந்த எஸ்.ஐ.க்கு. தர்ஷித் படுத்த மெத்தையைச் சுட்டிக்காட்டி, "அமைதியாத்தான் படுத்திருக்கான்" என்றார். ஆயா எங்கே என்று கேட்டார். மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். அது ஜூனிலேயே முடிந்துபோன பிரசவம்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவ்வளவு சின்னத் துணி மூட்டையை யாரும் அப்படிச் சுமக்கக் கூடாது. அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து குளித்தேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவர் மோர் கரைத்துக் கொடுத்து, "உன் மேல என்ன தப்பு, ஏன் இப்படி வாடற?" என்றார். எத்தனையோ வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். தாங்க முடியாமல் அழுதுவிட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

மதியம் அறையில் ஒரே கூச்சல். புது ஆயாவால் முடியவில்லை. எந்த அம்மாவும் இன்று போன் செய்யவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கோகிலவாணி வந்தாள். பையனின் பை, மாற்று உடுப்பு, தலையணை வாங்கிப் போக. என் அறையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். நெற்றி வெறுமையாக, தலை வாராமல், பார்க்க ஸ்கூல் பெண் மாதிரி இருந்தாள். கணவர் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். வேலை வேலை என்று போய்ப் பிள்ளையை விழுங்கிவிட்டாள் என்று மாமியார் வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம்.

என்னிடம் மட்டும்தான் கேட்க முடியும் என்றாள். கேட்டில் நான் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று பயந்து மதில் ஓரமாக நின்று மருந்து கொடுத்ததையெல்லாம் சொன்னாள். மன்னித்துவிடுங்கள் என்றாள். இப்போதுதான் தெரிந்துகொள்வது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் முகம் எனக்கு அவ்வளவு நன்றாகக் கட்டுப்படும் என்று எனக்கே தெரியாது.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்லைங்க மிஸ்" என்றாள். "எப்பவும் அதே அளவுதான். டாக்டர் சொன்ன கோடு வரைக்கும்தான் ஊத்துவேன். எத்தனை தடவை குடுத்திருக்கேன், ஒண்ணும் ஆனதில்லை. அன்னைக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு?"

பக்கத்து வகுப்பில் குழந்தைகள் எண்களைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தன. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அவளுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அவள் இதே கேள்வியை அந்த டாக்டரிடம் போய்க் கேட்பாள். டாக்டர் யோசிப்பார். அதுதான் என் மனதில் ஓடியது, வேறொன்றும் இல்லை.

"சில நேரம் கை தவறும் கோகிலா. ஆபீஸ் அவசரத்துல கொஞ்சம் கூட ஊத்தியிருப்பீங்க. உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அன்று காலையை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"அன்னைக்கு எனக்குப் பின்னால ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்சான்" என்றாள் மெதுவாக. "கை ஆடியிருக்குமோ?"

"இருக்கும்மா."

"ஆமாங்க மிஸ். ஆடியிருக்கும். கூடத்தான் ஊத்தியிருப்பேன்."

சொல்லிவிட்டு அவள் முகத்தில் ஒரு மாதிரி அமைதி வந்தது. விடை கிடைத்துவிட்ட அமைதி. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எல்லாரும் திட்டறாங்க. நீங்க ஒருத்தர்தான் மிஸ் என்கிட்ட நல்லபடியாப் பேசினீங்க." வாசல் வரை கூடப் போய் வழியனுப்பினேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். மேஜை நிறைய ரோஜாப் பூ. கோணல் மாணலாக என் பெயர் எழுதிய அட்டைகள். எல்லாக் கிளைகளுக்கும் டைரக்டர் என்ற ஆர்டரை மேடம் இன்றைக்கென்று பார்த்து அனுப்பியிருக்கிறார். அடுத்த வாரம் காளப்பட்டியில் திறப்பு விழா.

சாயங்காலம் மேடம் போன் செய்தார். கோகிலவாணியின் கணவர் வீட்டில் அவள் மேல் புகார் கொடுத்துவிட்டார்களாம். ஸ்டேஷனில் அவளே வாயைத் திறந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாளாம். லாரிக்காரன் ஹாரன் அடித்ததும், கை ஆடியதும், மூடி நிரம்பி வழிந்ததும், வழிந்ததோடு அப்படியே பையன் வாயில் ஊற்றியதும் ஒன்றுவிடாமல் சொன்னாளாம். கேட்டுக்கொண்டிருந்த பெண் போலீஸே அழுதுவிட்டாராம். அவள் மேல்தான் கேஸ் எழுதியிருக்கிறார்கள், வேலையும் போய்விட்டது. "இனி நம்ம பக்கம் ஒண்ணுமில்ல வளர்மதி, நீ நிம்மதியா புது வேலையப் பாரு" என்றார். சரிங்க மேடம் என்றேன்.

ஆகஸ்ட் பதிமூன்றாம் தேதி காலை கேட்டுக்குப் போவதற்கு முன்னால் நான் என் அறை ஜன்னலில் நின்றிருந்தேன். லாரி எதுவும் வரவில்லை. வேப்பமரத்தடியில் அவள் மூடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்த்தாள். துளி கூடியிருந்தது போல. அந்தத் துளியைத் திரும்பவும் பாட்டிலிலேயே ஊற்றிவிட்டு, இன்னொரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவன் வாயில் வைத்தாள்.